கிணற்றுக்குள் இருந்த தங்கச்சி

ஆலங்குளம் சுடலையம்மாளுக்கு ரெண்டு காதும் மந்தம். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பேச்சு முறிந்துபோன ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் எதையாவது சொல்லியாக வேண்டும் என்றால் அவளிடம்தான் சொல்வார்கள். அவள் காதில் விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. விழ வேண்டிய காதில் விழுந்தால் போதும். ஜாடை பேசுவது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மாமியாரோடு பேச்சில்லாத மருமகள் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். அண்ணனோடு பேச்சில்லாத தம்பி மாட்டைப் பார்த்து, "நாளைக்குத் தண்ணி பாய்ச்ச எம் மொறைன்னு ஒனக்குத் தெரியாதா?" என்பான். இப்போது அடுப்பும் மாடும் செய்த வேலையைச் செல்போனில் உள்ள குடும்ப குரூப்பில் சுடலையம்மாள் செய்துகொண்டிருந்தாள். செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அவளுடைய அண்ணன் பாண்டி, தளவாய்புரத்தில் இருந்து ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வந்து தங்கினவர். அவருக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைகள். மூத்தவள் மாரீஸ்வரி, இளையவள் பொன்மணி. நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. அதனால் ரெண்டு பேருக்கும் வயசு ரொம்பத் தள்ளிப்போனது. பொன்மணி பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இளையவளுக்குப் பேன் பார்த்தது, தலை பின்னினது, சடங்கு சுற்றினது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிற வரதராஜுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் மூத்தவள் மாரீஸ்வரிதான். அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. புருசன் தனுஷ்கோடி லாரி டிரைவர், நல்ல மனுசன், நெஞ்சு வலி என்று ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை கிடையாது. தங்கச்சி மகள் கனகலட்சுமிதான் அவளுக்கும் பிள்ளை.

அந்தக் கனகலட்சுமி கல்யாணத்துக்கே மாரீஸ்வரி போகவில்லை. அதோடு அக்கா தங்கச்சி பேச்சு நின்றது.

விசயம் இதுதான். நெருங்கின சொந்தத்துக்குப் பத்திரிகையை நேரில் கொடுக்க வேண்டும். புருசனும் பெண்டாட்டியுமாக வந்து, தாம்பாளத்தில் வைத்து, "முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று வாயால் கூப்பிட வேண்டும். பொன்மணியும் வரதராஜும் வந்த நேரம் மாரீஸ்வரி தான் வேலை பார்க்கிற நூல் மில்லில் இருந்தாள். வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவு இடுக்கில் பத்திரிகை சொருகியிருந்தது. கரண்டு பில்லைச் சொருகிவிட்டுப் போகிற மாதிரி. திரும்ப வருவாள் என்று மாரீஸ்வரி காத்திருந்தாள். வரவில்லை. தாலியறுத்தவளிடம் நல்ல காரியத்துக்கு முகம் காட்டக் கூடாது என்று வரதராஜ் வீட்டு ஆட்கள் சொல்லியிருப்பார்கள், இவளும் சரி என்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். முகூர்த்தத்தன்று மில்லுக்குப் போய் கோன் வைண்டிங் மெஷின் முன்னால் நின்றாள். நூல் அறுகிற இடமெல்லாம் சேர்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு குரூப்பில் காலை வணக்கப் பூப்படம் போடுவதோடு சரி. பொன்மணி அதுகூடப் போடுவதில்லை.

மாரீஸ்வரிக்கு ஒரு பேர் உண்டு. படம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள் என்றால் பார்த்த மாதிரியே இருக்கும். வைண்டிங் செக்ஷன் பெண்கள் அவள் சொல்லைக் கேட்டுத்தான் தியேட்டருக்குப் போவதும் போகாததும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கிருபாபாய் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபது வருசமாக அடுத்தடுத்த மெஷின்.

"ஏட்டி மாரி, கெணத்து இளவரசின்னு ஒரு படம் வந்திருக்காம். முன்ன பொம்மைப் படமா வந்ததாம்ல, இப்ப மனுசங்களையே வச்சு எடுத்திருக்கான். பேரப்பிள்ளைய ரெண்டும் உசுர வாங்குது. நீ பாத்துட்டு வந்து சொல்லு. பயப்படுத மாதிரி இருந்தா நா கூட்டிட்டுப் போகல."

"ஒனக்குக் கண்ணு இல்லையா? நீயே போயிப் பாரு."

"எனக்கு எங்கட்டி நேரம்? ஒனக்கு என்ன, லீவுன்னா வீட்டுல செவுத்தத்தான பாத்துக்கிட்டு இருப்ப."

கிருபாபாய் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மாரீஸ்வரியும் சிரித்தாள். ஆனால் சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துச் சுவரில் போஸ்டரைப் பார்த்தாள். கல் கிணறு. அதன் விளிம்பில் வெள்ளைக் கவுன் போட்ட பெண்பிள்ளை குனிந்து உள்ளே பார்த்துக் கத்துகிறாள். மாரீஸ்வரி கிட்டப் போய்ப் பார்த்தாள். இந்தப் படம் அவளுக்குத் தெரியும்.

தாய் செத்த வருசம் அது. பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீட்டில் டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். கேசட் கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் போல, பொம்மைப் படம் ஓடியது. "இதுக்குத்தானா கூப்பிட்டிய?" என்று ஆம்பிளைகள் எழுந்துபோனார்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொன்மணி அக்கா மடியில். கதை என்னவென்றால், ராஜாவுக்கு அச்சில் வார்த்த மாதிரி ரெண்டு பெண்கள். தங்கச்சியைக் கிணற்றுப் பூதம் பிடித்துக்கொண்டுபோய்விடும். அக்காக்காரி தினமும் பொழுது சாயக் கிணற்றடிக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராது. பதில் வரவில்லையே என்று நிறுத்திவிட்டால் கிணறு மூடிக்கொள்ளும். அவள் நிறுத்த மாட்டாள். மழையிலும் வருவாள், காய்ச்சலிலும் வருவாள். கடைசியில் ஒரு நாள் உள்ளேயிருந்து "வாரேன்" என்று ஒரு சத்தம் வரும்.

அன்றைக்கு ராத்திரிதான் பொன்மணி அம்மாவைக் கேட்காமல் தூங்கினாள். பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மாரீஸ்வரி ஷிப்ட்டு முடிந்து வரும்போது தெருமுனையிலேயே "பொன்மணீ" என்று நீட்டிக் கூப்பிடுவாள். சின்னது தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசாமல் இருக்கும். வாசலுக்கு வந்து இன்னொருக்கக் கூப்பிடுவாள். "வாரேன்" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டும்.

லீவு நாளில் மாரீஸ்வரி மத்தியான ஆட்டத்துக்குப் போனாள். டிக்கெட் கொடுக்கிறவன், "பிள்ளைக எத்தனை?" என்று கேட்டான்.

"நா மட்டும்தான்."

அவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தான். உள்ளே எல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ஒன்று காலி. இடைவேளையில் ஒரு தகப்பன் வந்து, "இதுல யாரும் வாராகளா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றாள். அவன் அதில் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துவிட்டுப் போனான்.

படம் முடிந்து வெளியே வந்தவள் பஸ் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். புடவை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து செல்போனை எடுத்து, குடும்ப குரூப்பில் மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, மாரீஸ்வரி பேசுதேன். நல்லா இருக்கியளா? கெணத்து இளவரசின்னு ஒரு படத்துக்குப் போயிட்டு வாரேன். எப்படி இருக்குன்னு கேட்டியன்னா, பாக்க நல்லாத்தான் இருக்கு. அரமணையென்ன, குதிரையென்ன, ரெண்டு கண்ணு பத்தல. அந்தப் பிள்ளையும் லெச்சணமா இருக்கா. அவ அழுதா நமக்கும் அழுக வருது. பாட்டுதான் தேவையில்லாத எடத்துலயெல்லாம் வருது. கெணத்தக் கம்ப்யூட்டர்ல செஞ்சிருப்பான் போல. அம்புட்டுப் பழைய கெணறுங்கான், கயிறு தேஞ்ச தடம் ஒண்ணு இல்ல. அதெல்லாம் போகட்டும் அத்தை. கதைய நாசமாக்கிட்டான். அக்காக்காரி தெனம் கூப்புடுவால்ல, அது இல்ல. ஒரு நாள்கூடக் கூப்புடல. கெணத்துக்குள்ள கெடக்கவளப் பாத்து, நீ எனக்கு எதிரிங்கா. ஒரே மாதிரி மூஞ்சி ரெண்டு பேருக்கும், அவளப் பாத்து எதிரிங்கா. கடைசியில அவளப் பிடிச்சுக் கெணத்துல தள்ளி, பெரிய கல்லப் போட்டு மூடிட்டு ராஜகுமாரனோட போயிருதா. தியேட்டர்ல கை தட்டுதானுவ அத்தை. கூடப் பொறந்தவளக் கல்லப் போட்டு மூடுதா, கை தட்டுதானுவ. பழைய படம் எப்பேர்ப்பட்ட படம்! பாத்தவுகளுக்குத் தெரியும்."

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கை விட்டாள். அது போய்ச் சேர்ந்தது.

இவளுக்கு அந்தப் போனில் ஒரு வித்தை தெரியும். பேசினதை அமுக்கிப் பிடித்தால் யார் யார் கேட்டார்கள் என்று காட்டும். செத்த நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தாள். சுடலையம்மாள் கேட்டாயிற்று. கனகலட்சுமி கேட்டாயிற்று. தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். பொன்மணி பேரும் வந்திருந்தது.

முதலில் சுடலையம்மாள் பேசினாள். "ஏட்டி மாரி, கெணத்துல யாரு விழுந்தா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே? போலீசுக்குச் சொன்னியளா?"

பிறகு கோயம்புத்தூரில் இருந்து கனகலட்சுமி. குரலில் சிரிப்பு அடக்கினது தெரிந்தது. "பெரியம்மா, கதைய மாத்தவே இல்லையே! பழைய பொம்மைப் படத்துலயும் இதேதான். சின்ன வயசுல எத்தன தடவ பாத்திருக்கேன். அக்கா தங்கச்சியெல்லாம் கெடையாது. அது கெணத்துத் தண்ணியில தெரியுத அவ நெழல். நெழல் வெளிய வந்து அவ எடத்தப் பிடிச்சுக்கிடும், அவ்வளவுதான். நீங்க வேற ஏதோ படத்த நெனச்சுக்கிட்டு ரிவ்யூ சொல்லுதிய."

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். தளவாய்புரத்துக்காரர்கள், புதுப்பட்டிக்காரர்கள், எப்போதும் வாய் திறக்காதவர்கள்கூட ஆளுக்கு ஒன்று போட்டார்கள்.

மாரீஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்தாள். வேறு படமா? அதே கிணறு, அதே வெள்ளைக் கவுன். கண்ணை மூடிச் சடங்கு வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஓலைப் பந்தல், டிவிப் பெட்டிக்கு மேலே போட்டிருந்த பூத் துணி, மடியில் பொன்மணியின் தலைக் கனம், எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பொம்மைகள் என்ன பேசின என்று மட்டும் வரவில்லை. ஒரு சொல் வரவில்லை. அவை தமிழில் பேசவே இல்லை. இங்கிலீஷ் கேசட்டு அது. ஆம்பிளைகள் எழுந்துபோனது அதனால்தானே. காதில் கேட்கிற குரல் யாருடையது என்று பார்த்தால், அது அவளுடையதாகவே இருந்தது. "அம்மா எங்க போனா, எப்ப வருவா?" என்று ராத்திரிக்கு ராத்திரி அழுத பிள்ளையின் காதில், ஒரே முகத்தோடு ரெண்டு பெண்கள் திரையில் வரவும், அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் அதுவே படமாகிவிட்டது.

ஆக அப்படி ஒரு படம் இல்லை. அந்தக் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தி வாய் திறந்தால்தான் உண்டு.

மறுநாள் மில்லில் கிருபாபாய் கேட்டதற்கு, "எனக்குப் பிடிக்கலட்டி" என்று மட்டும் சொன்னாள். கிருபாபாய் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தானட்டி இருக்கு! ஒனக்கு என்ன ஆச்சு? ஒத்தையில இருந்து இருந்து நல்லதே கண்ணுல படமாட்டேங்கு" என்றாள். அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவளைக் கதை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் குரூப்பைத் திறந்து பார்ப்பாள். சிரிக்கிற மூஞ்சிகளுக்குக் கீழே யாரோ வீட்டுப் பிறந்தநாள், யாரோ கொடுத்த மருந்துக் குறிப்பு. இவள் பேசினது மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் மில் கேட்டை விட்டு வெளியே வந்ததும் போன் அதிர்ந்தது. குரூப்பில் பொன்மணி பேசியிருந்தாள். மாரீஸ்வரி பெட்டிக்கடை ஓரம் ஒதுங்கி, காதோடு வைத்து அமுக்கினாள்.

"அத்தை, நா பொன்மணி. சாப்புட்டியளா? கனகாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பெரியவுக பேசுனா பல்லக் காட்டக் கூடாதுன்னு. அந்தப் படத்துல நெழலு இருந்துச்சோ வெயிலு இருந்துச்சோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச படத்துல கெணத்துக்குள்ள தங்கச்சிதான் இருந்தா. அக்காக்காரி தெனம் வந்து கூப்புட்டா. மழையில கூப்புட்டா, காய்ச்சல்ல கூப்புட்டா. அதுதான் படம்." நடுவில் மிக்ஸி ஓடுகிற சத்தம். "பொறவு அவளே கூப்புடுறத நிறுத்திட்டா. அது வேற கதை. வச்சிருதேன் அத்தை."

மாரீஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் நிறுத்தினது? யார் யாரைக் கூப்பிட வேண்டியது? கதவு இடுக்கில் சொருகிவிட்டுப் போனவள் யார்? இந்தா, இப்பவே அத்தையிடம் நாலு வார்த்தை சொல்லுகிறேன் என்று மைக்கை அமுக்கினாள். அமுக்கினபடி நின்றாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் இவள்தான். இவள் கட்டின கதையில் அக்காவுக்குக் காத்திருக்கிற வேலையே கிடையாது, கூப்பிடுகிற வேலைதான். போனைப் பைக்குள் போட்டாள். மில் சீருடையோடே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

பொன்மணி வீடு பூட்டிக் கிடந்தது.

பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத கதவு. தங்கச்சியும் இப்படித்தானே வந்து நின்றிருப்பாள், கையில் தாம்பாளத்தோடு. எதிர் வீட்டில் கோலப்பொடி டப்பாவோடு ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் பேர் அம்புஜவல்லி என்று பிறகுதான் தெரிந்தது.

"பொன்மணி கோயிலுக்குப் போயிருக்காளே. நீங்க யாரு?"

யார் என்று கேட்டுவிட்டாள். இந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச முதல் அடுப்பு பற்றவைத்தவளைப் பார்த்து.

"சொந்தக்காரிதான்மா. ராஜபாளையம்."

"போன் போட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். இருக்கேன்."

வாசப்படியில் உட்கார்ந்தாள். ஒரு சாம்பல் பூனை வந்து மோந்து பார்த்துவிட்டு மிதியடி மேல் படுத்துக்கொண்டது. தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குப் பொன்மணி வந்தாள். கையில் துளசியும் கூடையும். படியில் இருந்தவளைப் பார்த்ததும் நடை ஒரு எட்டு நின்றது. பிறகு வந்து, பூட்டைத் திறந்து, குனிந்து பூனையிடம் சொன்னாள்.

"ஏ பூனை, வழியில கெடக்காத. வந்தவுக உள்ள போகணும்ல."

மாரீஸ்வரி உள்ளே போனாள். ஒரு செம்புத் தண்ணீர் அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தது. பொன்மணி அடுப்பங்கரைக்குள் போய் அங்கிருந்தே பேசினாள், பூனையிடம்தான்.

"ஆண்டாளுக்கு ஒரு பத்திரிகைய வச்சுட்டு, அடுத்த பத்திரிகைய எடுத்துக்கிட்டு நேரா ராஜபாளையம் பஸ் ஏறுனது யாருன்னு ஒனக்குத் தெரியுமா? அவிய வீட்டு ஆளுக வேண்டாம்னுதான் சொன்னாவ. எங்க அக்காவுக்கு வைக்காம ஒருத்தருக்கும் வைக்க மாட்டேன்னு நின்னது யாரு?"

மாரீஸ்வரி தண்ணீரைக் குடித்தாள். "பூனை, பகல் ஷிப்ட்டுல நின்னுக்கிட்டு இருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்னு கேளு."

"ஷிப்ட்டு மாறுனத யாரு சொன்னா? தட்டித் தட்டிக் கை வலிச்சது. எமகண்டம் வந்திரும்னு அவிய பறந்தாவ."

"மறுக்கா வந்து கூப்பிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

"மறுக்கா வந்து கூப்புட எங்க அக்கா என்ன மூணாம் மனுசியா? மணவறைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, யாரையும் ஒக்கார விடாம, தாலி கட்டுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே நின்னேன் பூனை. ஒருத்தரும் வரல."

பூனை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டது. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அடுப்பங்கரையில் மாவு பிசைகிற சத்தம். அங்கிருந்த விளக்கு வெளிச்சத்தில் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. பின்னலில் பாதி நரை. அந்தத் தலையில் எத்தனை வகிடு எடுத்திருக்கிறாள். நரை விழுந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

மாரீஸ்வரி செம்பை வைத்தாள். எழுந்திருக்கவில்லை. தெருமுனையில் இருந்து கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டாள்.

"பொன்மணீ..."

மாவு பிசைகிற சத்தம் நின்றது. பதில் இல்லை. எதிர் வீட்டு டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள். மாரீஸ்வரி மறுபடியும் கூப்பிட்டாள். குரல் நடுவில் உடைந்தது, ஆனாலும் முழுப் பேரையும் கூப்பிட்டாள்.

"வாரேன்க்கா, செத்த இரு" என்றாள் பொன்மணி. "கையெல்லாம் மாவு."